குழல் எடுக்குமுன் வாய் கொப்பளிப்போம்

கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அளவெட்டி என்றதும் என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் வி. தெட்சணாமூர்த்தியின் தவிலும் நம் நினைவுக்கு வரும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்தபோது மேளகாரரும் நம்மோடு சேர்ந்தே நடந்தனர். காணியை விட்டு வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை நாதஸ்வரம் பழகுமானால், அப்பிள்ளையின் வாயும் பல்லும் நாளைய பிழைப்புக்கான முதலாகும். அதைக் காப்பது எப்படி என்பதே இப்பாடம்.

நாதஸ்வரத்தின் உயிர் சீவாளி. நாணலினால் செய்யப்படும் இது கெண்டையில் செருகப்பட்டு உதடுகளுக்கிடையில் நிற்கும். வாயில் இருப்பதெல்லாம் உமிழ்நீரோடு அதற்குள் போகும். குழலில் மாற்றுச் சீவாளிகளோடு ஓர் ஊசியும் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு அல்ல. உள்ளே அடைக்கும் துகள்களை எடுப்பதற்கு. பிட்டுச் சாப்பிட்டால் தேங்காய்ப்பூ பல்லிடுக்கில் நிற்கும். பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தால் இனிப்பு சீவாளியிலும் ஒட்டும், பல்லையும் அரிக்கும்.

ஊதுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னரே அளவாகச் சாப்பிடுவது நல்லது. வயிறு நிறைந்திருந்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. கலியாண வீட்டார் "முதலில் சாப்பிடுங்கோ அண்ணை" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மேளம் முடிந்து சாப்பிடுகிறோம் என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இடையில் ஏதும் உண்ண நேர்ந்தால் நன்றாக வாய் கொப்பளித்த பின்பே குழலை எடுக்க வேண்டும். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் இடத்திலும் அதற்கு ஒரு குவளை போதும். காலையிலும் படுக்குமுன்னும் புளோரைட் பற்பசையால் பல் துலக்குவோம். செங்கல் தூளும் உமிக்கரியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

வெற்றிலை பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். மேளகாரரை அழைப்பதும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான். தட்டத்தை மரியாதையுடன் வாங்கி மடியில் கட்டிக்கொள்ளலாம்; வாயில் போட வேண்டாம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்டது. அதற்கு முன்னரே ஊதுபவரைப் பிடிக்கும் நோய் ஒன்றுண்டு. தொடர்ந்து பாக்கு மெல்லுபவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நாராய் இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும். இறுகிய கன்னம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. கன்னம் விரியாதவர் எப்படி ஊதுவது?

ஊதி முடிந்ததும் சீவாளியைச் சுத்தமான நீரில் அலசி நிழலில் உலர விடுங்கள்; ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். குரு ஊதிய சீவாளியைச் சீடப்பிள்ளை அப்படியே வாயில் வைப்பதும் வேண்டாம். தடிமனும் இருமலும் அவ்வழியாகவே தொற்றும்.

உதடுகளுக்குப் பின்னால் தாங்கி நிற்பவை முன்பற்கள். அவை ஆடினாலோ முரசில் இரத்தம் கசிந்தாலோ, திருவிழா முடியட்டும் என்று காத்திராமல் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கட்டணம் இல்லை.