கையெழுத்துப் போடும் முன்: மருத்துவ ஆய்வு பற்றித் தெரிந்துகொள்வோம்



நம் ஊரிலிருந்து சென்னை கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகும்போது, தாம்பரத்தை அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’ நிலையம் வரும். காசநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்துச் சிகிச்சை தந்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. இன்று பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமடைகிறார்கள். இதற்கு வழிகாட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு.

அதில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்குச் சானடோரியத்தில் என்பதை டாக்டரோ நோயாளியோ தேர்வு செய்யவில்லை; குலுக்கல் போல முடிவானது. இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது: இரு பிரிவிலும் பலன் ஏறத்தாழ ஒன்றே. இப்படி மனிதர்களிடம் முறையாகச் சோதித்து அறிவதே மருத்துவ ஆய்வு.

சில சொற்கள்:

குலுக்கல் ஒதுக்கீடு: யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதில் பாரபட்சம் வராமல் காப்பது.

ஒப்பீட்டுக் குழு: புதிய சிகிச்சை பெறாமல், வழக்கமான சிகிச்சையோ வெற்று மருந்தோ பெறுபவர்கள்.

வெற்று மருந்து: பார்க்க மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இராது.

கட்டங்கள்: முதலில் சிலரிடம் பாதுகாப்பு, இரண்டாவதில் நோயாளிகளிடம் பலனும் அளவும், மூன்றாவதில் பலரிடம் ஒப்பீடு, நான்காவது, மருந்து விற்பனைக்கு வந்தபின் கண்காணிப்பு.

நெறிமுறைக் குழு: பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் குழு. இதன் அனுமதி இல்லாமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது.

ஒப்புதல் படிவம்: எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, விருப்பத்தோடு சம்மதிப்பதற்கான ஆவணம்.

நம் வீட்டில் அத்தாவிடமோ அம்மாவிடமோ இப்படிவத்தை நீட்டினால், பயந்து மறுக்கவும் வேண்டாம்; படிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். இது சிகிச்சையா, ஆய்வா? பக்கவிளைவு வந்தால் யாரை அழைப்பது? கேளுங்கள். வீட்டில் கலந்து பேச நேரம் கேளுங்கள். படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி, மருந்துச் சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. அந்தச் சோதனை சி.டி.ஆர்.ஐ. என்னும் தேசியப் பதிவேட்டிலும் பதிவாகியிருக்க வேண்டும். யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

பணம் தருவதாகச் சொல்லி நம் பிள்ளைகளை யாராவது மருந்துச் சோதனைக்கு அழைத்தால், முதலில் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். நம் உடல் நம்மிடம் உள்ள அமானிதம்.