அயல்நாட்டு உணவை அறிந்து உண்போம்: ஜப்பான் தரும் பாடம்

பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்பது நம்மவர் பழமொழி. சொல்வதற்கு எளிது. ஆனால் மேற்படிப்புக்காகக் கடல் கடக்கும் நம் மாணவரின் பெட்டியைத் திறந்தால், பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயுமே முதலில் கண்ணில் படுகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் பெட்டியிலும் அவை இருந்தன. ஆனால், பொடி சில வாரங்களில் தீர்ந்துவிடும். படிப்போ ஆண்டுக் கணக்கில் நீளும். அறையில் தனித்திருந்து உண்பவன் உணவை மட்டும் இழப்பதில்லை. உடன் பணிபுரிவோரின் பேச்சையும் இழக்கிறான். ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனை ஏன் கெட்டது என்பதைப் பெரும்பாலும் பகல் உணவு மேசையில்தான் பேசுகிறார்கள். ஆகவே, இந்தப் பொருளை நாம் ஒரு பாடமாகவே கற்பது நன்று.

சென்ற கோடையில் கியோத்தோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். நான் நுண்ணுயிரியல் மாணவன். எனவே, அந்நாட்டு உணவை நாவினால் மட்டுமன்றிப் பாடநூல் அறிவோடும் சுவைக்க முடிந்தது. அங்கே அறிந்தவற்றை நான்கு பகுதிகளாகத் தருகிறேன்.

1. அறுசுவைக்கு அப்பால்

நாம் சுவை ஆறு என்று எண்ணிப் பழகியவர்கள். 1908ஆம் ஆண்டு தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிக்குனாயே இக்கேடா, ‘கொம்பு’ என்னும் கடற்பாசியைக் கொதிக்கவைத்த நீரின் சுவை எதனால் வருகிறது என்று ஆராய்ந்தார். அது குளூட்டமேட் என்னும் பொருளால் வருவது எனக் கண்டு, அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். 1913இல் ஷிந்தாரோ கோடாமா உலர்ந்த சூரை மீனில் இனோசினேட்டைக் கண்டறிந்தார். பின்னர் 1957இல் அக்கிரா குனினாக்கா, குவானிலேட் என்னும் பொருளும் உமாமி தருவது என்று காட்டினார். ஷீத்தாக்கே காளானின் சுவைக்கு அதுவே காரணம். குளூட்டமேட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் சுவை பன்மடங்கு ஓங்கும். பழுத்த தக்காளியிலும் குளூட்டமேட் உண்டு. ஆகவே, தக்காளி ரசம் உண்டு வளர்ந்த நமக்கு இச்சுவை புதியதன்று, பெயர்தான் புதியது.

இதில் மரக்கறி உண்ணும் நண்பர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானியச் சாறு, நூடுல்ஸ், சுருட்டிய முட்டை அடை ஆகியவற்றுக்கு அடிப்படை ‘தாஷி’ என்னும் சாரநீர். அதில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சேரும். கிண்ணத்தில் மீன் துண்டு தெரியாது. ஆனால் சாற்றில் மீன் இருக்கும். “இறைச்சி உண்டா?” என்று கேட்பது போதாது. “தாஷியில் மீன் உண்டா?” என்று கேட்க வேண்டும். புத்தக் கோயில்களின் மரபில் வந்த ‘ஷோஜின்’ உணவில் கடற்பாசியும் காளானுமே சாரம் தருகின்றன. சோயாப் பாலைக் காய்ச்சி எடுக்கும் ஆடையாகிய ‘யூபா’ கியோத்தோவின் சிறப்புணவு. இவற்றால் மரக்கறி உண்பவரும் அங்கே பசியின்றி வாழலாம்.

2. பூசணம் சமைக்கும் உணவு

பூசணம் பிடித்த சோற்றை நாம் எறிந்துவிடுவோம். ஜப்பானியர் ஒரு பூசணத்தைத் தேர்ந்து வளர்க்கிறார்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்பது அதன் பெயர். வேகவைத்த அரிசியில் அதன் வித்துகளைத் தூவி, இரண்டு நாள் அளவு இளஞ்சூட்டில் வைத்தால் ‘கோஜி’ கிடைக்கும். அதிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாகவும், புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. சோயா விழுதாகிய மிசோ, சோயாச் சாறு, அரிசி மதுவாகிய சாக்கே ஆகிய மூன்றுக்கும் இதுவே தாய்.

நம் இட்லி மாவில் பாக்டீரியாக்கள் அமிலமும் வாயுவும் உண்டாக்கி, மாவைப் புளிக்கவும் பொங்கவும் செய்கின்றன. கோஜியின் வேலை வேறு. அது முதலில் உடைத்துக் கொடுக்கிறது. சாக்கே வடிப்பில் பூசண நொதி சர்க்கரையை உண்டாக்க, அதே தொட்டியில் அதே வேளையில் ஈஸ்ட் அதை மதுவாக்குகிறது. ஆகையால் காய்ச்சி வடிக்காமலேயே மதுவின் அளவு நூற்றுக்கு 20 வரை ஏறும். பெரும்பாலும் நீர் கலந்து 15, 16 அளவில் விற்கிறார்கள். 2006இல் ஜப்பானிய வடிப்பியல் கழகம் கோஜியைத் தேசியப் பூசணம் என்று அறிவித்தது. 2024இல் கோஜி கொண்டு சாக்கே வடிக்கும் மரபுக் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

‘நாத்தோ’ என்பது பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவால் நொதித்த சோயா. நூல் நூலாக இழுபடும், வாடையும் கடுமை. சுடுசோற்றில் சிறிது கடுகு விழுதும் சோயாச் சாறும் சேர்த்து நாளும் ஒரு வாய் உண்டேன். மூன்றாம் வாரத்தில் நானே கடைக்குச் சென்று வாங்கினேன். சுவை பிறவியில் முற்றுப்பெறுவதன்று, பழக்கத்தால் வளர்வது. நம் விடுதியில் கடுகெண்ணெய்க்கு மூக்கைச் சுளித்தவர்கள் இன்று இரண்டாம் முறை கறி கேட்பதும் இதனால்தான்.

3. சோறும் பானமும்

ஜப்பானிய அரிசி குட்டையானது. அதில் அமைலோஸ் குறைவு. அதனால் சோறு ஒட்டும், குச்சியால் எடுக்க வரும். சோற்றின்மேல் குழம்பு ஊற்றும் வழக்கம் அங்கே பொதுவன்று. ஒரு வாய் சோறு, ஒரு வாய் கறி என்று மாற்றி மாற்றி உண்கிறார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தலும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுதலும் ஈமச் சடங்கை நினைவூட்டுவன. ஆகையால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

‘சோபா’ என்னும் நூடுல்ஸ் உண்டு முடித்ததும், அது வெந்த நீரைக் கொண்டுவந்து தருவார்கள். மிச்சச் சாற்றில் கலந்து குடிக்க வேண்டும். வடிகஞ்சியில் உப்பிட்டுக் குடித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை! கோடையில் வறுத்த வாற்கோதுமை நீரைக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள். அதில் காஃபீன் இல்லை. பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. 70 முதல் 80 பாகை வெப்பமே போதும். மிகுந்தால் துவர்ப்பு ஓங்கிவிடும்.

4. அச்சமும் எச்சரிக்கையும்

அறியாமையால் வருவது அச்சம். அறிவால் வருவது எச்சரிக்கை. பச்சை மீனில் அனிசாக்கிஸ் என்னும் புழு இருக்கக்கூடும். கழித்தல் 20 பாகையில் 24 மணி நேரம் உறையவைத்தாலும், 60 பாகையில் ஒரு நிமிடம் வேகவைத்தாலும் அது மடியும் என்பது அந்நாட்டு அரசின் அறிவுரை. எனவே, நம்பகமான கடையில் மட்டும் பச்சை மீன் உண்க. சோபா மாவாகிய பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம். மது அருந்த அங்கே சட்ட வயது 20. மது வேண்டாதவர் ‘ஊலோங்’ தேநீர் கேட்டால் எவரும் தவறாக எண்ணமாட்டார்கள்; விருந்தில் பங்கு கொள்ளக் கையில் ஒரு குவளை இருந்தால் போதும்.

இவற்றிலிருந்து எந்த நாட்டுக்கும் பொருந்தும் மூன்று விதிகளைக் கொள்ளலாம். உண்ணுமுன் அது எதனால் ஆனது என்று கேளுங்கள். நம் சமையலில் அதற்கு உறவு எது என்று தேடுங்கள். ஒரு முறை சுவைத்துத் தீர்ப்புக் கூறாமல் பல முறை சுவையுங்கள். உங்கள் சமயமோ உடலோ விலக்குவதை விலக்குவதில் வெட்கம் வேண்டாம்; காரணத்தைப் புன்னகையோடு சொல்லுங்கள். பொடியையும் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதைப் பொதுமேசையில் வையுங்கள். எங்கள் கூடத்தில் என் பருப்புப் பொடி ஒரே வாரத்தில் தீர்ந்தது. அந்த ஒரு வாரத்தில் கற்ற ஜப்பானியச் சொற்கள் அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் கற்றவற்றைவிட மிகுதி.

இந்தப் பயிற்சிக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் வளாகத்தில் மணிப்பூர் மாணவர்கள் நொதித்த மீன் சமைக்கிறார்கள். நாகாலாந்து நண்பர்கள் நொதித்த சோயா கொண்டுவருகிறார்கள். அடுத்த ஞாயிறன்று அவர்கள் அறைக் கதவைத் தட்டுங்கள்.