இரண்டு பவுன் தங்கம், மூன்று இருக்கை

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிக்கிற மேசைக்கு மேலே மெக்லாரன் எஃப்1 என்ற காரின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன வண்டி அது. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, ரேடியோகூட இல்லையாம். அப்படிப்பட்ட ஒன்று 150 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது என்கிறான். இதைவிட வேகமான வண்டிகள் எத்தனையோ வந்துவிட்டன. நான் முப்பது வருடமாக லாரி பாடி கட்டும் தொழிலில் இருப்பவன். வண்டி எனக்கும் தெரியும், ஆனால் இந்த மயக்கம்தான் புரியவில்லை. இதில் விஷயம் இருக்கிறதா, இல்லை வெறும் பணக்கார விளையாட்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: விஷயமும் இருக்கிறது, பணக்கார விளையாட்டும் இருக்கிறது.

நீங்கள் பாடி கட்டுபவர் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. வெற்று வண்டியில் நூறு கிலோ கூடினால் ஏற்றும் பாரத்தில் நூறு கிலோ போய்விடும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் காரை வடிவமைத்த கார்டன் மர்ரிக்கும் அதே கவலைதான். அவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

1988 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஃபார்முலா 1 பந்தயங்கள் பதினாறில் பதினைந்தை மெக்லாரன் அணி வென்றது. தோற்றது ஒன்றே ஒன்று, இத்தாலியின் மோன்சாவில். அங்கே ஃபெராரி முதலிரண்டு இடங்களையும் அள்ளிக்கொண்டு போனது. பந்தயம் முடிந்து மிலானின் லினாட்டே விமான நிலையத்துக்கு வந்தால் விமானம் தாமதம். மர்ரி, அணித் தலைவர் ரான் டென்னிஸ், பங்குதாரர் மன்சூர் ஓஜே, கிரெய்டன் பிரவுன் ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசிய பேச்சில்தான் ‘சாலையில் ஓட்டக்கூடிய ஒரு கார், இதுவரை யாரும் செய்யாத மாதிரி’ என்ற எண்ணம் உருவானது. விமானம் நேரத்துக்கு வந்திருந்தால் உங்கள் மகனின் சுவரில் வேறு படம் இருந்திருக்கும்.

மர்ரி தனக்கு விதித்துக்கொண்ட இலக்கு 1,000 கிலோ. முடிவில் நின்றது 1,138 கிலோ. இன்றைய ஹோண்டா சிட்டி ஏறக்குறைய இந்த எடைதான். ஆனால் சிட்டியின் பெட்ரோல் இன்ஜின் தருவது 121 குதிரைத்திறன், இது தருவது 627. அதே எடைக்கு ஐந்து மடங்கு பலம். இதில்தான் பாதி ரகசியம் இருக்கிறது. எடையைக் குறைக்க அடிக்கூட்டையே கார்பன் ஃபைபரில் செய்தார்கள். விற்பனைக்கு வந்த சாலைக் காரில் முழுக் கூடும் கார்பன் ஃபைபரில் அமைவது அப்போது மிக அரிது. நமீபியாவில் வெயில் சோதனையின்போது முதல் மாதிரி வண்டி விபத்தில் சிக்கி நாசமானது. ஓட்டியவர் காயமில்லாமல் இறங்கி நடந்தார். வண்டியோடு கொடுத்த ஸ்பானர் செட்கூட டைட்டானியம், இரும்பைவிட இலேசு என்பதற்காக. சி.டி. பிளேயர் செய்து கொடுத்த கென்வுட் நிறுவனத்திடமும் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். ரேடியோ ஏன் இல்லை என்றால், மர்ரி ரேடியோ கேட்பதில்லை! காரோடு சேர்த்து அவருடைய பிடிவாதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் கதை இன்னும் சுவையானது. அப்போது மெக்லாரன் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கொடுத்தது ஹோண்டா. மர்ரிக்கு ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரின் மேல் பெரிய மரியாதையும் உண்டு. போய்க் கேட்டார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்துப் பிடித்தது பி.எம்.டபிள்யூ.வின் பால் ராஷேயை, மர்ரியின் பிரபாம் பந்தய அணிக் காலத்துப் பழைய சிநேகிதர். கேட்டது 550 குதிரைத்திறன், 250 கிலோ. ராஷே கொடுத்தது 6.1 லிட்டரில் பன்னிரண்டு சிலிண்டர், 627 குதிரைத்திறன், 266 கிலோ. பதினாறு கிலோ கூடியதை மர்ரி பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உங்களுக்கே புரியும். டர்போ எதுவும் கிடையாது. கூரையிலுள்ள துவாரம் வழியாக ஓட்டுபவரின் தலைக்கு மேலேயே காற்றை இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் முதுகிலிருந்து மட்டும் வராது, உச்சந்தலையிலிருந்தும் வரும்.

இனி தங்கம். இன்ஜின் அறையின் உட்புறத்தில் தங்க ரேக்கை ஒட்டியிருப்பார்கள். சுமார் 16 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுன். படத்தைப் பார்த்தவுடன் ஷேக்குகளுக்காகச் செய்த ஆடம்பரம் என்றுதான் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்துக்கு நிகராகச் சொல்லக்கூடிய உலோகம் அதிகமில்லை. அத்தனை சூடான இன்ஜின் கார்பன் கூட்டின் பக்கத்தில் இருக்கிறது. கனமான தடுப்பு வைப்பதைவிட மெல்லிய ரேக்கு எடை குறைவு என்று கணக்குப் போட்டுத்தான் ஒட்டினார்கள். இன்ஜின் மூடியைத் திறந்து காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளும் உரிமையாளருக்கும் அது பயன்படுகிறது என்பது வேறு விஷயம்.

உட்காரும் இடத்தைக் கவனித்தால் உங்களைப் போன்றவர்தான் அதிகம் ரசிப்பார். ஓட்டுபவர் நடுவில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி ஒவ்வொருவர், ஆக மூன்று பேர். கதவு மேலும் முன்னுமாக எழும்போது கூரையில் ஒரு துண்டையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். உள்ளே போவது ஒரு தனிக்கலை. கியர் லிவர் ஓட்டுபவரின் வலப்பக்கம் இருப்பதால் பெரும்பாலும் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள். பக்கத்து இருக்கையின் விளிம்பில் ஒரு கையை ஊன்றி, காலை மடக்கி, இடுப்பை நகர்த்தி நடுவில் இறங்க வேண்டும். வேட்டியோடு நடக்காத காரியம். உட்கார்ந்தபின் எல்லாம் சரியாகிவிடும். பெடல்கள் நேராகக் காலுக்கு முன்னால் இருக்கும், சக்கரக் குழிக்கு இடம் விட்டு ஒரு பக்கமாகத் தள்ளியிருக்காது. இரு பக்கமும் ஒரே அளவு பார்வை. ஸ்டார்ட் பட்டன் மேல் ஒரு சிவப்பு மூடி, அதைத் தூக்கிவிட்டு அழுத்த வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னால் இரு பக்கமும் சாமான் அறைகள், அவற்றின் வடிவத்துக்கே தைத்த பெட்டிகள். வாரக்கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரலாம் என்று நினைத்துச் செய்த வண்டி இது. குடும்பம் மூன்று பேரைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை.

பந்தயத்துக்கென்று இதைச் செய்யவில்லை. வாங்கியவர்களில் சிலர் நச்சரித்ததால் மர்ரி அரைமனதோடு பந்தய வடிவம் ஒன்றைத் தயாரித்தார். விதிப்படி இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்ததால் பந்தயக் காரின் பலம் சாலைக் காரைவிடக் குறைவு! அந்த வண்டியோடு 1995 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார்கள். மழை விடாமல் பெய்த இரவு அது. ஜே.ஜே. லெட்டோ, யானிக் டால்மாஸ், மசனோரி செகியா மூவரும் ஓட்டிய 59-ஆம் எண் வண்டி முதலில் வந்தது. ஏழு மெக்லாரன்களில் ஐந்து கோட்டைத் தாண்டின, ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, பதின்மூன்று என்ற இடங்களில். அந்த 59-ஆம் எண் வண்டி பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளை எல்லாம் பின்னால் தள்ளியது. லெ மான்ஸை வென்ற முதல் ஜப்பானியர் செகியாதான்.

வேகமான வண்டிகள் வந்துவிட்டன என்கிறீர்கள். வந்துவிட்டன, மறுப்பதற்கில்லை. 1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் இதை 386.4 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். 2005-ல் அந்தச் சாதனை முறிந்தது. முறியடித்தவற்றில் புகாட்டி வேய்ரானுக்கு 16 சிலிண்டர், நான்கு டர்போ, 1,001 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 1,900 கிலோ எடை. பிறகு 2019-ல் புகாட்டி ஷிரான் 490 கி.மீ.யைத் தாண்டியது. தடம் அதே ஏரா-லெஸ்ஸியன், ஓட்டியவர் அதே ஆண்டி வாலஸ். இருபத்தொரு வருடத்தில் நூறு கி.மீ. கூடுதல். ஆனால் மர்ரி வேகச் சாதனையைக் குறிவைத்து இந்த வண்டியைச் செய்யவில்லை. எடையைக் குறைத்து, காற்றை ஒழுங்குபடுத்தி, இன்ஜினைச் சரியாக அமைத்ததில் வேகம் தானாக வந்தது. ரசிகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. பலத்தைக் கூட்டி வேகம் வாங்கும் வழியில் இன்றைக்கும் பலர் போகிறார்கள். இவர் போன வழியில் போனவர்கள் மிகக் கொஞ்சம்.

குறையே இல்லையா என்றால், நிறைய. மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங் கல்லு. பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது, சூடேறும் வரை காலில் தெம்பு வேண்டும். இரவில் முன்விளக்கு வெளிச்சம் போதாது. பெட்ரோல் டேங்கின் உட்பையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சோதனைக்குத் தொண்ணூறுகளின் காம்பாக் மடிக்கணினிதான் ஒத்துவரும் என்பதால் 2016 வாக்கில்கூட மெக்லாரன் அந்தப் பழைய பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்தது. ஈரச் சாலையில் கால் கொஞ்சம் அதிகமாகப் பட்டால் மன்னிக்கத் தெரியாத வண்டி.

இனி அந்த 150 கோடி. இங்கேதான் நீங்கள் சொல்லும் பணக்கார விளையாட்டு வருகிறது. 300 வண்டி செய்வதாகத் திட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் படுத்துவிட்டது. ஒன்றின் விலை 5,40,000 பவுண்டு, வாங்க ஆளில்லை. 1998-ல் நிறுத்தியபோது மாதிரிகள், பந்தய வண்டிகள் எல்லாம் சேர்த்து 106. வழக்கமான சாலைக் கார்கள் 64 மட்டும். இன்று ‘வெறும் நூறு வண்டிதான் செய்வோம்’ என்று முன்கூட்டியே அறிவித்து விற்கும் கம்பெனிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவை அருமையைத் திட்டம் போட்டு விற்கின்றன. இந்த வண்டி விற்காமல் போனதால் அரிதானது.

2021-ல் அமெரிக்காவின் பெபிள் பீச்சில் ஒன்று 2 கோடியே 4 லட்சத்துச் சொச்சம் டாலருக்குப் போனது. உங்கள் மகன் சொன்ன கணக்கு சரிதான். அந்த வண்டி அதுவரை ஓடியிருந்த தூரம் வெறும் 387 கி.மீ. ஏறக்குறைய நாமக்கல்லிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேரும் தூரம்தான். எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் புதிதாக வாங்கினார், சாதாரணக் கார் போல ஓட்டித் தேய்த்தார். 2011-ல் சாலையோர மரத்தில் மோதி வண்டியை உருக்குலைத்தார். பழுதுபார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியது 9 லட்சம் பவுண்டுக்கு மேல். 2015-ல் விற்கும்போது வண்டி சுமார் 66,000 கி.மீ. ஓடியிருந்தது, அடிபட்டுச் சரியான வண்டி என்பதும் ஊரறிந்தது. விலை 80 லட்சம் பவுண்டு. நான் வாங்க முடிந்தால் அதைத்தான் வாங்குவேன். (வாங்கப் போவதில்லை. பயப்பட வேண்டாம் என்று என் வீட்டாருக்கும் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.)

உங்கள் கேள்வியில் நேராகக் கேட்காத ஒன்றும் இருக்கிறது. பையன் படத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிடுவானோ என்ற பயம். மர்ரி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்தவர். உங்கள் மகனைப் போலவே இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த வயதில், பந்தயக் கார் வாங்கப் பணமில்லாமல், ஃபோர்டு ஆங்லியா இன்ஜினை வைத்துத் தானே ஒரு கார் கட்டி ஓட்டினார். 1969-ல் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது கையில் இருந்த தகுதியில் பெரும்பகுதி அந்தக் கார்தான்.

கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய வண்டிகளைக் கொண்டுவந்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடக்கிறது, பெரும்பாலும் ஜனவரியில். நாமக்கல்லிலிருந்து விடியற்காலை கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். மகனைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். அவன் கல்லூரியில் இதற்கு ஒரு அணி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால், வெல்டிங் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு உங்களைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.