மாத்திரையை நிறுத்துவதா விசுவாசம்?

நம்பிக்கை: கர்த்தர் சுகம் தருவார் என்று மெய்யாய் விசுவாசிக்கிறவர் மருந்தைத் தேடமாட்டார், மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம்.

உண்மை: சுகமளிக்கும் கூட்டங்களில் சாட்சி சொல்ல மேடையேறுகிறவர்களின் வாயில் "அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்ற வரி பழகிப்போய்விட்டது. கூட்டம் அல்லேலூயா சொல்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் சுகர்காரர் தம் பையில் இருக்கும் மாத்திரையை நினைத்துக் கூசிப்போகிறார். ஜெபத்தால் யாரும் குணமாவதில்லை என்று வாதாட நான் இங்கே வரவில்லை. தேவன் சுகமாக்குகிறார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் பழைய அறிக்கை. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த விசுவாசம் இருந்தால் மருந்தை விட்டுவிட வேண்டும் என்கிறார்களே, அதற்குத்தான் வேதத்தில் ஆதாரம் இல்லை. திருச்சபையின் வரலாற்றில் தேடினாலும் மிகக் கொஞ்சமே கிடைக்கும்.

எசேக்கியா ராஜாவின் கதையைக் கவனித்துப் படிக்க வேண்டும். மரணப்படுக்கையில் கிடந்தவன் அழுது ஜெபித்தான். இன்னும் 15 வருஷம் உயிரோடிருப்பாய் என்ற வாக்கு ஏசாயா மூலம் வந்தது. வாக்குக் கிடைத்த பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல் பற்றுப் போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறான் (2 இராஜாக்கள் 20). தேவனே நேராக வாக்குக் கொடுத்த இடத்திலும் பற்று விலக்கப்படவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் பவுல் இருக்கிறார். அவர் உடம்பில் பட்ட துணிகளால்கூட நோய்கள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல், வயிற்றுக்கோளாறும் அடிக்கடி பலவீனமும் உள்ள தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி எழுதுகிறார். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வருகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் ஒரு வரி எழுதவில்லை. இன்றைய மேடையாக இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

மறுப்புக்கு வழக்கமாகக் காட்டும் வசனங்கள் சில உண்டு. யாத்திராகமம் 15-ல் கர்த்தர் தம்மையே இஸ்ரவேலின் பரிகாரி என்கிறார். பிறகு வேறு வைத்தியன் எதற்கு என்று கேட்கிறார்கள். அதே புத்தகத்தில் ஆறு அதிகாரம் தள்ளி, சண்டையில் ஒருவனைக் காயப்படுத்தியவன் அவனுக்கு வேலை போன நாட்களின் நஷ்டத்தைக் கொடுத்து, அவனைக் குணமாக்கவும் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வைத்தியம் பாவமாக இருந்தால் அதன் பொறுப்பைச் சட்டமே ஒருவன் தலையில் கட்டியிருக்காது. அடுத்தது ஆசா ராஜா. காலில் நோய் கண்டபோது கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று 2 நாளாகமம் 16 குறை சொல்வது மெய்தான். ஆனால் அந்த அதிகாரம் முழுவதையும் படித்தால் குற்றச்சாட்டு எதைப் பற்றியது என்று தெரியும். சீரியா ராஜாவின் படையை நம்பினான், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் அடைத்தான், நோயிலும் கர்த்தரை ஒதுக்கினான். அவன்மேல் உள்ள குற்றம் ஜெபிக்காதது. பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையில் வைத்தியர்களால் அவள் நிலை மோசமானது என்று மாற்கு எழுதுகிறார். அவளுடைய பணத்தைத் தின்ற வைத்தியர்கள் மேல் உள்ள ஆதங்கம் அது. ஏன் வைத்தியரிடம் போனாய் என்று இயேசு அவளைக் கேட்கவே இல்லை. மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆதித் திருச்சபை இதை எப்படி எடுத்துக்கொண்டது? 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் செசரியாவின் ஆயரான பசீல், ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் ஒன்று கட்டினார். மருத்துவம் பக்திக்கு ஒத்ததா என்ற கேள்விக்குத் துறவிகளுக்கான விதிகளில் நேராகவே பதில் எழுதினார்: பயிர்த்தொழிலைப் போல மருத்துவமும் தேவன் தந்தது, முழு நம்பிக்கையையும் அதன்மேல் வைக்காமல் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம். மருந்தே கூடாது என்ற போதனை பரவலாகக் கிளம்பியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். சிகாகோவில் அதை முழங்கியவர் ஜான் அலெக்ஸாண்டர் டவி. மருத்துவரையும் மருந்துக்கடையையும் விலக்கி சயன் என்ற நகரத்தையே உண்டாக்கினார். 1905-ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது; 1907-ல் இறந்துபோனார். தமிழர்களுக்குச் சுவிசேஷத்தோடு வந்தது இதற்கு நேர் எதிரான பாரம்பரியம். ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து மருத்துவராகவே யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். 1847-ல் வந்த சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஸ்கடரின் பேத்தி ஐடா 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இவர்களுக்கெல்லாம் அவிசுவாசம் என்று சொல்லத் துணிகிறவர் சொல்லட்டும்.

இனி உடம்பின் பக்கம். கூட்டத்திலிருந்து வீடு திரும்பியவர் "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது" என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பிரஷர் கூடினால் பெரும்பாலும் வெளியே தெரியாது. சுகரும் பல மாதம் சத்தமில்லாமல் ஏறும். காசநோயில் ஒரு சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் அடங்கிவிடும். கிருமி அடங்கியிருக்காது, அதனால்தான் ஆறு மாத மருந்து. நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் அடுக்கடுக்காக வலிப்பு வரக்கூடும். இன்சுலினையே நம்பியிருக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் உயிர் போகச் சில நாட்கள் போதும். 1998-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, மத நம்பிக்கையால் சிகிச்சை மறுக்கப்பட்டு 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில் இறந்த 172 குழந்தைகளைப் பற்றியது. அவர்களில் 140 பேருக்கு இருந்த நோய்கள், சிகிச்சை கிடைத்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கக்கூடியவை. அந்தப் பெற்றோரும் ஜெபித்தவர்கள்தான்.

இந்தப் போதனையின் கொடுமை இன்னொன்று. நோய் திரும்பினால் பழி நோயாளியின் தலையில் விழுகிறது: "உனக்கு விசுவாசம் போதவில்லை." சொன்னவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விடுவார். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டிச் சொன்னது சாத்தான். தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று மறுத்தவர் இயேசு. மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு என்ன நடக்கிறது பார்க்கலாம் என்பது எந்தப் பக்கம் சேரும்? ஆஸ்பத்திரிக்குக் கட்ட முடியாமல்தான் ஏழைகள் ஜெபக் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்றால், அது நியாயமான பேச்சு. தனியார் மருத்துவமனைப் பில்லைப் பார்த்தவர் யாரும் அதை மறுக்கமாட்டார். ஆனாலும் பிரஷர், சுகர் மாத்திரைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையம் காசில்லாமல் தருகிறது. 2021 முதல் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அவற்றை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதை வாங்கிவைத்துவிட்டுப் போடாமல் இருப்பதற்கு வறுமை காரணமாகாது.

ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைவைத்து ஜெபியுங்கள், ஜெபித்து முடித்ததும், "டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை விடாதீர்கள்" என்று அதே மைக்கில் சொல்லுங்கள். குணமான குஷ்டரோகியையும் ஆசாரியனிடம் காட்டிச் சரிபார்க்கத்தான் இயேசு அனுப்பினார். சுகம் கிடைத்தது மெய்யானால் அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியும். அப்போது மாத்திரையைக் குறைப்பதை மருத்துவரே சொல்வார்.