பாதையில் கெடும் பொருளுக்குப் பொறுப்பாளி யார்?

வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயம் தம்புள்ளைச் சந்தையையோ கொழும்புச் சந்தையையோ அடைய நெடுந்தூரம் லொறியில் செல்லவேண்டும். வழியில் மழையில் நனைந்து மூடைகள் அழுகினால் அந்நட்டம் யாரைச் சாரும்? ஒரு போகத்து உழைப்பே இதில் அடங்கியிருத்தலால், மூடைகளை ஏற்றுமுன்னரே கமக்காரர் இதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கூறும் பொதுவிதி இது: வேறு உடன்பாடு இல்லையாயின், பொருள் எவருக்கு உடைமையோ நட்டமும் அவரையே சாரும். பொருள் எவர் கையில் இருக்கின்றது என்பது மட்டும் இதனைத் தீர்மானிப்பதில்லை.

1. தோட்டத்தில் விற்றல்: குறித்த குவியலை நிறுத்து விலை காண்பது விற்பவரின் கடமையாயின், நிறுத்து வாங்குபவருக்கு அறிவிக்கும்வரை அது விற்பவருடையதே.

2. கேட்டவருக்கு அனுப்புதல்: வாங்குபவர் சொற்படி லொறிக்காரரிடம் ஒப்படைத்தல், பொதுவாக வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகும். ஆயினும் மாரிகாலத்தில் தறப்பாள் இல்லாத லொறியில் ஏற்றிவிட்டால், அதனை ஒப்படைப்பாக ஏற்க அவர் மறுக்கலாம். தாமதம் எவர் தவறோ, அதனால் நேரக்கூடிய நட்டமும் அவருடையதே.

3. தரகுக் கடைக்கு அனுப்புதல்: தரகர் உமக்காக விற்பவரேயன்றி வாங்குபவரல்லர். விற்கப்படும்வரை பொருள் உம்முடையது, வழிநட்டமும் உம்முடையதே. நம்மவர் பலர் அறியாது இடர்ப்படுவது இவ்விடத்திலேயே.

கூலி கொடுப்பவரே நட்டத்தையும் ஏற்பவர் என எண்ணுதல் தவறு. சர்வதேச வர்த்தகச் சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்ட வணிக விதிகள் கப்பல் வணிகத்தில் இதனைத் தெளிவாக்குகின்றன. ‘சி.ஐ.எப்.’ முறையில் கப்பற் கூலியையும் காப்புறுதியையும் விற்பவரே செலுத்துவார். எனினும் பொருள் கப்பலில் ஏறியதும் நட்டப் பொறுப்பு வாங்குபவரைச் சேரும். லொறி வணிகத்திலும் கூலி வேறு, பொறுப்பு வேறு என்பதை மறவாதீர்.

ஆகவே கமக்காரர் செய்யவேண்டியவை:

அ) வெங்காயத்தை நிழலில் நன்கு உலர்த்தி, காற்றோட்டமுள்ள பைகளில் கட்டுக.
ஆ) ஏற்றுமுன் நிறுத்து, மூடைத் தொகை, நிறை, திகதி, லொறி இலக்கம் ஆகியவற்றை எழுதிச் சாரதியின் கையொப்பம் பெறுக.
இ) “எவ்விடம்வரை யார் பொறுப்பு” என்பதை ஒரு வரியிலேனும் எழுதி இருவரும் ஒப்பமிடுக.
ஈ) தரகுக் கடைக்கு அனுப்புவதாயின், விற்ற நிறையும் விலையும் காட்டும் பற்றுச்சீட்டைத் தவறாது கேட்டு வாங்குக.

வாய்ச்சொல் வழியில் மறந்துபோகும். எழுத்து சந்தைவரை உடன்வரும்.