கைப்பேசியில் தமிழெழுத்து – ஓர் இலக்கண நோக்கு

முன்னுரை

ஓலையில் எழுந்த தமிழ் தாளுக்கு வந்தது. தாளிலிருந்து அச்சுக்கு வந்தது. அச்சிலிருந்து கணிப்பொறிக்கு வந்தது. இன்று அது உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியில் வாழ்கிறது. இவ்வரவு எளிதாக நிகழ்ந்ததன்று. தொடக்கக் காலக் கைப்பேசியில் தமிழ் எதிர்கொண்ட இடர்கள் யாவை, அவற்றைத் தீர்க்கத் துணைநின்றது எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மலையும் மாலையும்

1992ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. இந்தியாவில் முதற் கைப்பேசி உரையாடல் 1995 சூலை 31இல் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கைப்பேசி நம் திருவண்ணாமலைக்கும் வந்தது. ஆனால் அன்றைய கருவிகளிற் பெரும்பாலானவை தமிழெழுத்தை அறியாதவை. எனவே தமிழர் உரோமன் எழுத்தில் தமிழை எழுதலாயினர்.

இதனால் நேர்ந்த குழப்பத்திற்கு நம் ஊரே சான்று. பௌர்ணமி நாளில் நண்பர் ஒருவர், ‘மலையில் சந்திப்போம்’ என்று செய்தி விடுப்பதாகக் கொள்வோம். உரோமன் எழுத்தில் குறில் நெடில் பிரித்தெழுதும் வழக்கம் அரிது. ஆதலின், படிப்பவர் அதனை ‘மாலையில் சந்திப்போம்’ என்றும் கொள்வார். ஒருவர் மலையடிவாரத்தில் காத்திருக்க, மற்றவர் மாலைப்பொழுதை எதிர்நோக்கியிருப்பார்! பல்லியும் பள்ளியும், மனமும் மணமும், கரியும் கறியும் அவ்வாறே ஒன்றாகிவிடும். சந்தப் பாவலர் அருணகிரிநாதரின் ஊரெனப் போற்றப்படுவது இந்நகர். குறில் நெடிலும் வல்லின மெல்லினமும் பிறழின் சந்தம் ஏது?

தமிழைப் பிறமொழி எழுத்தால் எழுதுவது புதிதன்று. அரபுத்தமிழ் நூல்களை ஆக்கிய நம் முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளின்மேல் அடையாளமிட்டுப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். ஒலி வேறுபாட்டைக் காக்கவேண்டும் என்னும் கருத்து அவர்களிடம் இருந்தது. கைப்பேசியில் உரோமன் எழுத்தை ஆண்ட நம்மிடம் அக்கருத்து இல்லாமற் போனமை ஈண்டு எண்ணத்தக்கது.

எட்டு விசையும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும்

அன்றைய கைப்பேசியில் இருந்தவை பன்னிரண்டு விசைகள். அவற்றுள் 2 முதல் 9 வரையிலான எட்டு விசைகளே எழுத்துகளுக்கு உரியவை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் அவற்றில் மூன்றும் நான்குமாக அமைந்தன. தமிழுக்கோ 247 எழுத்துகள். பகிர்ந்தால் விசைக்கு ஏறத்தாழ 31 வரும். இஃது இயலாத செயல் என்றே பலரும் கருதினர்.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்கு இத்தகைய மலைப்பு இல்லை. உயிர் 12, மெய் 18 ஆகிய முப்பதையே தொல்காப்பியம் முதலெழுத்தாகக் கொள்கிறது. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் தானே பிறக்கும். ஆய்தத்தையும் கூட்டினால் 31. இதனை எட்டு விசைகளுக்குப் பகிர்ந்தால் விசைக்கு நான்கே! ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது இதனாற் பெறப்படும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான ‘தமிழ்99’ கணினி விசைப்பலகையும் இந்த உயிர், மெய்ச் சேர்க்கையின்மீதே எழுந்தது.

எழுபது குறியீடுகளின் எல்லை

அடுத்த இடர் இடப்பற்றாக்குறை. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலமாயின் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறித் தமிழாயின் 70 குறியீடுகளே அடங்கும். ஒருங்குறியோ அகரமேறிய மெய்யை அடியாகக் கொண்டு, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கைப்பேசிக்கு ஐந்து குறியீடு. ‘திருவண்ணாமலை’ நமக்கு ஏழெழுத்து, கைப்பேசிக்குப் பன்னிரண்டு. ஊர்ப்பெயரை இடைவெளியின்றி எழுதினால், உரோமன் எழுத்தில் ஒரு செய்தியில் பதினொரு முறை எழுதலாம். தமிழில் ஐந்து முறையே எழுதலாம்.

எனினும் சுருங்கச் சொல்லல் தமிழுக்குப் புதியதா? முதற் குறளைச் சொற்பிரித்து எழுதினால் இடைவெளியோடு 45 குறியீடுகளே ஆகும். ஆத்திசூடி அடிகளோ அதனினும் சிறியன. குறளும் விடுகதையும் பழமொழியும் கைப்பேசிக்கெனவே பிறந்தவை போல் அமைந்துள்ளன. மாணவர் தாமே சில குறட்பாக்களை எண்ணிப் பார்த்தல் நல்ல பயிற்சியாகும்.

செல்லினம்

இவ்விடர்களுக்கிடையே கைப்பேசியில் தமிழெழுத வழிசெய்தவர்களுள் முதன்மையானவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். கணிப்பொறிக்கு ‘முரசு அஞ்சல்’ என்னும் மென்பொருளை வழங்கிய அவர், கைப்பேசிக்கு உருவாக்கிய செயலி ‘செல்லினம்’. அது 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில், ஒலி 96.8 தமிழ் வானொலியின் துணையோடு வெளியீடு கண்டது. பின்னர் 2009இல் ஐபோனிலும், தொடர்ந்து ஆண்டிராய்டிலும் இடம்பெற்றது.

பெயரின் நயமும் கருதத்தக்கது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் மூன்றினோடு நான்காவதாக நிற்பது போன்றது செல்லினம். ‘செல்’ என்பது கைப்பேசியையும் குறிக்கும்; ‘செல்லும் இனம்’ என விரித்தால் வினைத்தொகையும் ஆகும். கடல் கடந்து சென்ற இனத்தார் ஒருவர் ஆக்கிய செயலிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது.

முடிவுரை

இன்று எழுபது குறியீட்டு எல்லை தளர்ந்துவிட்டது. விசைகள் தொடுதிரையாகிவிட்டன. தமிழ் விசைப்பலகை அநேகமாக எல்லாக் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது. ஆயினும் நம் மாணவருள் பலர் இன்றும் உரோமன் எழுத்திலேயே தமிழை எழுதுகின்றனர். அன்று கருவி இடந்தரவில்லை. இன்று நம் விரல்களே இடந்தரவில்லை. மேடையிலும் மலரிலும் மட்டும் போற்றப்பட்டு, அன்றாட உறவாடலில் எழுதப்படாத எழுத்து நாளடைவில் காட்சிப்பொருளாகிவிடும்.

செயலி ஆக்குவது பொறியியல் பயின்றோர்க்கே உரியது என்று தமிழ் மாணவர் ஒதுங்கிவிடலாகாது. எட்டு விசைக்குள் தமிழ் அடங்கும் என்று காட்டியது நம் எழுத்திலக்கணமே. சந்திப்பிழை திருத்தும் செயலியும், யாப்பைப் பிரித்துக்காட்டும் செயலியும் செம்மையுற இலக்கணம் கற்றவரின் அறிவு வேண்டும். முதற்படியாக, இன்று இல்லத்தார்க்கு அனுப்பும் செய்தியைத் தமிழெழுத்திலேயே எழுதுவோம். மலை மலையாகவும் மாலை மாலையாகவும் சென்று சேரட்டும்.