பழைய மடிக்கணினிக்குக் கம்பியில்லா இணையம்

வயலுக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால், வயல் கெட்டுவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியே நடக்கிறார். தம் மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பு உண்டா, மதகு தூக்கப்பட்டிருக்கிறதா என்று கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே செல்கிறார். அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டிவிடுகிறார். வயல் பழையபடி நனைகிறது.

இந்த விவேகத்தை நாம் கணினி விஷயத்தில் காட்டுவதில்லை. பழைய மடிக்கணினியில் இணையம் வரவில்லையென்றால், ‘யந்திரம் போய்விட்டது; புதிது வாங்க வேண்டும்’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். இவ்வாறு ஒதுக்கப்படும் யந்திரங்களில் பல, உண்மையில் பழுதற்றவை.

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் பல இலட்சம் மாணவர்கள் மடிக்கணினி பெற்றார்கள். அன்று பிளஸ் டூ படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குச் சென்று குடும்பஸ்தர்களாகவும் ஆகிவிட்டார்கள். யந்திரங்களோ வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன. ஊராட்சிகள் முன்பு வாங்கிய மடிக்கணினிகளும் ஆங்காங்கே அலமாரியில் உறங்குகின்றன. பட்டா, சிட்டா பார்ப்பதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதும், சான்றிதழுக்கு மனுச் செய்வதும் இணையத்தின் வழியே நடைபெறும் இந்நாளில், இவற்றை உயிர்ப்பித்துக் கொள்ளும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது மிகவும் பயனுடையதாகும்.

நாம் கற்ற பாடம்

சென்ற ஆண்டு நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் நடந்ததை இங்கே கூறுவது பொருத்தமாகும். அவ்வூர்ப் படிப்பகத்தில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. ஊர் மக்கள் தங்கள் மனுக்களை அதன் மூலமே அனுப்பி வந்தார்கள். கோடை மழையின்போது விழுந்த இடியில், இணையத்தைப் பரப்பும் ரவுட்டர் பெட்டி கருகிவிட்டது. புதிய பெட்டி பொருத்தப்பட்டது. கைப்பேசிகளில் எல்லாம் இணையம் நன்றாக வந்தது. மடிக்கணினியில் மட்டும் அப்பெட்டியின் பெயரே தென்படவில்லை.

நகரத்திற்கு எடுத்துச் சென்று காட்டியபோது, உள்ளே இருக்கும் வைஃபை அட்டை செத்துவிட்டது என்றும், உதிரி கிடைக்காது என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாற்பதாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கத் தீர்மானம் தயாராயிற்று. தொலைபேசியில் நம் அபிப்பிராயம் கேட்டபோது, யந்திரத்தைப் பாராமலே, “பழையதுதானே, மாற்றிவிடலாம்” என்று நாமும் சொல்லிவிட்டோம். இதற்கிடையே பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கியது. சிறு விவசாயிகள் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து நகரத்தில் வரிசையில் நின்றார்கள்.

கூட்டத்திற்கு நாம் சென்றிருந்த அன்று, வயது முதிர்ந்த வார்டு உறுப்பினரான ஓர் அம்மையார் எழுந்து, “அய்யா, இடி விழுந்த அன்று காலைவரைக்கும் இதில்தானே வேலை பார்த்தோம்? அன்றைக்கு இது பையில் இருந்தது. மாற்றியது அந்தப் பெட்டியைத்தானே? பிறகு இதை ஏன் குற்றம் சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டார். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்து, பின்வரும் முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

இணையம் வந்து சேரும் வழி

கண்ணாடியிழைக் கம்பியோ, தொலைபேசிக் கம்பியோ இணையத்தை ஊருக்குக் கொண்டு வருகிறது. கிராம ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம், தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் எட்டும் நோக்கத்துடன் வகுக்கப்பட்டதாகும். கம்பி முடியும் இடத்தில் ரவுட்டர் இருக்கிறது. அது இணையத்தை வானொலி அலைகளாக மாற்றி அறை முழுதும் பரப்புகிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை அவ்வலைகளை வாங்கிக்கொள்கிறது. அந்த அட்டையை இயக்க, டிரைவர் எனப்படும் ஒரு சிறு மென்பொருள் தேவை. கம்பி ஏரிக் கால்வாய் என்றால், ரவுட்டர் மதகு. அட்டை நம் வயலின் மடை. அடைப்பு இவற்றுள் எதிலும் இருக்கலாம்.

சோதிக்கும் முறை

முதலாவது, மடையைப் பாருங்கள். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபையைத் திறக்கவும் மூடவும் முன் விளிம்பிலோ, பக்கவாட்டிலோ ஒரு சிறு தள்ளு சுவிட்சு உண்டு. பையில் வைக்கும்போது அது தானாகவே நகர்ந்துவிடுவது சாதாரணம். சிலவற்றில் எஃப்என் என்ற விசையுடன், கோபுரமும் அலையும் வரைந்த மேல்வரிசை விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் விமானச் சின்னம் தெரிந்தால், விமானப் பயணத்திற்குரிய நிலையில் எல்லா அலைகளும் நிறுத்தப்பட்டிருக்கின்றன என்று பொருள். அதனை நீக்க வேண்டும்.

இரண்டாவது, குற்றம் எப்பக்கம் என்பதை அறியுங்கள். இதற்குக் கைப்பேசியே போதும். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் என்ற வசதியைத் திறந்து, அதன் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும், பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 என்றும் வையுங்கள். மடிக்கணினி அதனுடன் இணைந்துவிட்டால் அட்டை நன்றாக இருக்கிறது. குறை ரவுட்டர் பக்கம் என்பது உறுதி. இணையவில்லையானால் மடிக்கணினியை மேலும் ஆராய வேண்டும். காசு செலவில்லாத இச்சோதனை ஐந்து நிமிடத்தில் முடியும். நம் படிப்பக யந்திரம் கைப்பேசியுடன் உடனே இணைந்தது. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அட்டை உயிருடன்தான் இருந்தது!

மூன்றாவது, அலைவரிசையைக் கவனியுங்கள். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது வேகத்தில் குறைந்தது. ஆனால் சுவரைக் கடந்து தொலைவு செல்லும். பின்னது வேகமானது, எட்டும் தூரம் குறைவு. பழைய மடிக்கணினிகள் பலவற்றிற்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 மட்டும் திறந்திருந்தால் அதன் பெயர்கூட அவற்றின் கண்ணில் படாது. எனவே 2.4 அலைவரிசையைத் திறந்து, அதற்குத் தனிப் பெயர் கொடுப்பது நலம். அதிலும் 12, 13 என்ற சானல்களைச் சில பழைய அட்டைகள் அறியா. ஆதலால் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைக்க வேண்டும். இவற்றை மாற்றும் பக்கத்தின் முகவரி, பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். இணைப்புக் கொடுத்தவரைக் கொண்டும் மாற்றுவித்துக் கொள்ளலாம்.

நான்காவது, பாதுகாப்பு முறை. பெயர் தெரிகிறது; கடவுச்சொல்லும் சரியானது; ஆயினும் இணைய மறுக்கிறது என்றால், ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய முறை மட்டும் வைக்கப்பட்டிருக்கலாம். இம்முறை 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முற்பட்ட யந்திரங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. இரண்டும் கலந்த முறையையோ, டபிள்யூ.பி.ஏ.2 முறையையோ தேர்ந்தெடுத்தால் போதும். வேலை எளிதாக முடியட்டும் என்று கடவுச்சொல்லையே எடுத்துவிடுவது பெருந்தவறாகும். அது மதகின் சாவியைத் தெருவில் போடுவதற்கு ஒப்பாகும்.

படிப்பகத்தில் நேர்ந்தது இவ்விரண்டுமே. புதிய ரவுட்டரில் 2.4 அலைவரிசை மூடியிருந்தது. அதனைத் திறந்தவுடன் பெயர் தென்பட்டது. பாதுகாப்பு முறையை மாற்றியவுடன் இணைப்புக் கிடைத்தது. செலவு ஒரு காசும் இல்லை.

ஐந்தாவது, இணைந்தும் பக்கங்கள் திறவாவிட்டால் தேதியைப் பாருங்கள். பல மாதம் பெட்டியில் கிடந்த யந்திரம், நாளை மறந்து பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டக் கூடும். இணையத் தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறானால் கணினி அச்சான்றுகளை நம்ப மறுக்கிறது. ‘இணைப்புப் பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை எல்லாப் பக்கங்களிலும் வருமானால், முதலில் தேதியைத் திருத்த வேண்டும். மறுநாளும் தவறினால், உள்ளே நேரம் காக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தேதி சரியாயிருந்தால், கணினிக்குக் கிடைத்திருக்கும் இணைய முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி வழங்கவில்லை என்று பொருள். சேமித்த இணைப்பை அழித்து, ரவுட்டரை நிறுத்தித் திறந்து, மீண்டும் இணைக்க வேண்டும்.

ஆறாவது, டிரைவர். ஹாட்ஸ்பாட்டுடனும் இணையவில்லையென்றால், விண்டோஸில் கருவிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். வைஃபை அட்டையின் அருகே மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறி இருந்தால், டிரைவர் இல்லை அல்லது பழுதுபட்டது என்று பொருள். மடிக்கணினி செய்த கம்பெனியின் தளத்திலிருந்து, அந்த மாடலுக்குரிய டிரைவரைப் பெற்று நிறுவ வேண்டும். இணையமின்றி டிரைவரைப் பெறுவது எப்படி என்று கேட்கலாம். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் என்பதைத் திறந்தால் இணையம் கம்பி வழியே வரும். ரவுட்டரிலிருந்து லேன் கம்பியை நேராகச் செருகியும் பெறலாம்.

அட்டை உண்மையாகவே பழுதாயிருந்தால்

அப்பொழுதும் யந்திரத்தைக் கைவிட வேண்டியதில்லை. யுஎஸ்பி வழியில் செருகும் சிறு வைஃபை அடாப்டர், புதிய மடிக்கணினியின் விலையில் மிகச் சிறு பகுதிக்கே கிடைக்கிறது. தம் யந்திரத்தின் மென்பொருளுடன் அது இயங்குமா என்று கேட்டே வாங்க வேண்டும். மடிக்கணினி ஒரே இடத்தில் இருக்குமானால், லேன் கம்பியே எல்லாவற்றிலும் உறுதியானது.

எச்சரிக்கை

இணையம் வந்துவிட்டது என்பதால் எல்லா வேலைக்கும் அந்த யந்திரம் தகுதியாகிவிடாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத மென்பொருள், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒப்பாகும். ஆகவே ஊராட்சிக் கணக்கிலிருந்து டிஜிட்டல் கையொப்பத்துடன் பணம் வழங்கும் வேலையையும், வங்கி வேலையையும் அத்தகைய யந்திரத்தில் செய்யலாகாது.

இதற்கும் வழி உண்டு. லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் வகைகளில் இலேசானவை பழைய யந்திரங்களிலும் ஓடுகின்றன. திருத்தங்களும் தொடர்ந்து கிடைக்கின்றன. பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபை வேலை செய்கிறது என்று கண்ட பின் நிறுவலாம். பழைய கோப்புகளை முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

ஊரில் உறங்கும் மடிக்கணினிகளை, உடையவர் சம்மதத்துடன் ஒரு நாள் படிப்பகத்திற்குக் கொண்டுவரச் செய்து மேற்கூறிய முறைப்படி சோதிக்கலாம். பிளஸ் டூ மாணவர்கள் இதனை ஆவலுடன் செய்வார்கள். ஊராட்சி யந்திரங்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, மாடல், மென்பொருள், ரவுட்டரில் எந்த நாளில் என்ன மாற்றப்பட்டது என்பவற்றை எழுதிவர வேண்டும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஊராட்சிச் செயலர் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இடியின் சேதம் பெரும்பாலும் மின்சாரக் கம்பி வழியே வருகிறது. ஆதலால் இடி மின்னலுக்கு முன்பே பெட்டிகளின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

புதிய யந்திரம் வாங்குவது குற்றமன்று. தேவையானால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுமுன், அந்த அம்மையார் கேட்ட கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: நேற்றுவரை ஓடியதே, மாறியது எது? நாமும் அன்று முதல் யந்திரத்தை நேரில் பாராமல் அபிப்பிராயம் சொல்லுவதில்லை. அவ்வூர் மடிக்கணினி இன்றும் படிப்பகத்தில் இயங்குகிறது. லினக்ஸ் நிறுவப்பட்டு, ஊர் மக்களின் மனுக்கள் அதிலிருந்தே போகின்றன. பணம் வழங்கும் வேலைக்கு மட்டும் அலுவலகத்தில் வேறு யந்திரம் இருக்கிறது. சென்ற பருவத்தில் காப்பீட்டுக்காக எவரும் நகரத்திற்குப் பேருந்து ஏறவில்லை.